மிக்கேலுக்குள் இன்னொரு மிக்கேல்

முப்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் நான் செய்துகொண்டிருந்த வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றது உண்மை. வீடு வீடாகப் போய், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அதற்குள் புகுந்த வைரஸைக் கையாலேயே தேடிப் பிடித்து வெளியே எடுப்பது என் வேலையாக இருந்தது. இப்போது தூத்துக்குடியிலேயே ஒரு கம்பெனியின் ஏ.சி. அறையில் இருக்கிறேன். ஒரு கம்ப்யூட்டரில் கோளாறு என்றால், அதை அப்படியே துடைத்துவிட்டு சர்வரிலிருந்து எல்லாவற்றையும் புதிதாக இறக்கிவிடுகிறோம். என்ன புகுந்தது, எங்கே ஒளிந்திருந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை, ஃபைல்கள் வேறு இடத்தில் பத்திரமாக இருக்கின்றன. நல்ல முறை இது. பழையதே மேல் என்று நான் சொல்ல மாட்டேன்.

எங்கள் அறைக்குப் புதிதாக வந்த பெண்கள்தான் கேட்டார்கள். "கையால எடுக்கதுன்னா எப்படிக்கா? அதுக்குன்னு சாப்ட்வேர் இருக்கும்லா?" என்றாள் ஒருத்தி. இருந்தது. பல வீடுகளில் அது போதவில்லை. ஏனென்றால் உள்ளே வந்தது முதலில் அந்தச் சாப்ட்வேரைத்தான் கொன்றுபோட்டிருக்கும். இதைச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லி முடிக்க முடியவில்லை. எழுதித் தரச் சொன்னார்கள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். இதை நான் அடக்கமாகச் சொல்லப் போவதில்லை. அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் வேலை பார்த்தார்கள். நான் சாயர்புரத்துக்கு பஸ்ஸில் போய் கம்ப்யூட்டர் படித்தேன். சர்டிபிகேட்டை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திருப்பிக் கொடுக்கவில்லை. எப்படிப் பிடித்தாலும் அது அவள் சம்பாதித்தது.

படிப்பு முடிந்ததும் எஸ்தர் அக்காவின் சர்வீஸ் கடையில் சேர்ந்தேன். அவர் நாசரேத்துக்காரர். அப்பா அம்மா இரண்டு பேரும் வாத்தியார்கள். என்னைவிட ஆறேழு வயதுதான் மூத்தவர். கடை ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது. கல்லூரியில் நான் படித்ததெல்லாம் புரோகிராம் எழுதுவது எப்படி என்பதுதான். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களை ஒருவர் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

முதல் வாரத்தில் ஒருநாள், யாரும் தொடாமல் சும்மா கிடந்த ஒரு கம்ப்யூட்டரில், அந்த நேரத்தில் என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரை அக்கா திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். திரையில் மலைப் படம் ஒன்று அசையாமல் இருந்தது. அதன்மேல் திறந்த அந்தச் சின்னக் கட்டத்துக்குள் அத்தனை பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், ஒருவர் பிரிண்டருக்காகக் காத்திருக்கிறார், ஒருவர் மற்றவர்களை எழுப்பிவிடுவதற்காகவே விழித்திருக்கிறார். கடற்கரையிலிருந்து பார்த்தால் துறைமுகம் அசையாமல் நிற்கிற மாதிரி இருக்கும், உள்ளே போனவர்களுக்குத்தான் தெரியும். அக்கா திரும்பி வந்தபோதும் நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "ஏளா இசக்கி, படமா ஓடுது?" என்றார். ஆமாம், எனக்குப் படம்தான்.

எஸ்தர் அக்கா வேலை செய்யும் விதத்தைச் சொல்ல வேண்டும். ஒரு வீட்டுக்குப் போனால் அவர் உடனே கீபோர்டைத் தொட மாட்டார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். வீட்டுக்காரர்களை, தினமும் என்ன செய்வார்களோ அதையே செய்யச் சொல்வார். மெயில் பார்ப்பவர் மெயில் பார்க்க வேண்டும், சீட்டு விளையாடுபவர் சீட்டு விளையாட வேண்டும். அக்கா பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டுக்காரர்கள் வைத்திருக்கும் எதையும் மாற்றக் கூடாது என்பது அவருடைய கண்டிப்பு. மவுஸ் இடது பக்கம் இருந்தால் இடது பக்கமே இருக்கட்டும். எழுத்து பெரிதாக இருந்தால் பெரிதாகவே இருக்கட்டும். "நமக்கு வசதியா மாத்தி வச்சிட்டோம்னா, அவங்களுக்கு என்ன நடந்துச்சுன்னு நமக்கு எப்படித் தெரியும்?" என்பார். வைரஸைப் பற்றிப் பேசும்போது ஒரு ஆளைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் பேசுவார். இவன் எங்கன இருந்து வாரான், யாரு இவனை எழுப்பி விடுதா, இவன் செத்தா யாரு வந்து அழுவா. இந்த மூன்று கேள்விக்கும் பதில் தெரியாமல் எதையும் அழிக்கக் கூடாது.

மூன்றாவது கேள்விதான் முக்கியம். இந்தப் புரோகிராம்கள் பெரும்பாலும் தனியாக இருப்பதில்லை, ஜோடியாக ஓடும். ஒன்றை நிறுத்தினால் மற்றொன்று அதை உடனே எழுப்பிவிடும். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாலும் இரண்டும் எழுந்து வரும்படி ரெஜிஸ்ட்ரியில், அதாவது கம்ப்யூட்டர் காலையில் கண் விழித்ததும் என்னென்ன செய்ய வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் இடத்தில், தங்கள் பெயரைச் செருகி வைத்திருக்கும். சேஃப் மோடு என்று ஒன்று உண்டு. தேவையானவர்களை மட்டும் உள்ளே விட்டு, மற்றவர்களை வாசலிலேயே நிறுத்திக் கம்ப்யூட்டரைத் திறக்கும் வழி அது. அதில் போய், ஜோடி இரண்டையும் அழித்து, ரெஜிஸ்ட்ரியில் செருகியதையும் எடுத்தால் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும்.

சாகுபுரத்தில் ஒரு வீடு நினைவுக்கு வருகிறது. அங்கே கம்ப்யூட்டர் திறந்ததும் சிவப்புக் கேடயம் ஒன்று வந்து, உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கிறது என்று எச்சரித்துக்கொண்டே இருந்தது. வீட்டுக்காரர் அந்தக் கேடயத்தைப் பெரிதும் நம்பினார். அது சொல்வதையெல்லாம் செய்துவந்தார். பார்த்தால் அந்தக் கேடயமேதான் வைரஸ். திருடன் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வந்து வாசலில் நின்று, திருடன் நடமாட்டம் அதிகம், கதவைத் திறந்து வையுங்கள் என்கிறான். அதை எழுதியவன் யாரோ, எந்த ஊரோ. மனிதர்கள் எதற்குப் பயப்படுவார்கள், யாரை நம்புவார்கள் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. கோபம் வந்ததைவிட எனக்கு வாய் பிளந்ததுதான் அதிகம்.

ஆனால் வாயடைத்துப் போனது மிக்கேலம்மாள் வீட்டில்தான்.

கடற்கரைச் சாலைக்குப் பின்னால் ஒரு தெருவில் மாடி வீடு அது. நான் தனியாகப் போயிருந்தேன். கதவைத் திறந்த ரோசலின் அக்காவின் கண் வீங்கியிருந்தது. கோயில் திருவிழாப் போட்டோக்கள் இருந்த பென் டிரைவை அவர் செருகி, படங்களைக் காப்பி எடுத்திருக்கிறார். மறுநாளிலிருந்து நாத்தனார் மிக்கேலம்மாளின் பாடங்களைக் காணவில்லை. கை தவறி எல்லாவற்றையும் அழித்துவிட்டது தானேதான் என்று ரோசலின் அக்கா முடிவு செய்துவிட்டார். வீட்டில் யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டாததால்தான் அவருக்கு அழுகை அதிகமாக இருந்தது.

மிக்கேலம்மாளுக்குப் பிறவியிலிருந்தே கண் தெரியாது. பி.எட். முடித்துவிட்டு, ஆசிரியர் வேலைக்கான தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். தேர்வு அடுத்த வாரம். அவர் படிக்க வேண்டிய புத்தகங்களில் பாதிக்குமேல் பிரெயிலில் கிடையாது. அதனால் கப்பலில் வேலை பார்க்கும் அவருடைய அண்ணன், ரோசலின் அக்காவின் புருஷன், ஒவ்வொரு புத்தகத்தையும் தன் கேபினில் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்துப் பதிவு செய்து, லீவில் வரும்போது கம்ப்யூட்டரில் போட்டுவிட்டுப் போவாராம். போனில் இடம் வேண்டும் என்று அங்கே அழித்துவிடுவாராம். இப்போது அவர் நடுக்கடலில். போன் கிடைக்காது. பாடங்கள் இந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் இருந்தன.

அந்தக் கம்ப்யூட்டர் பேசும். திரையில் இருப்பதையெல்லாம் ஒரு புரோகிராம் ஆங்கிலத்தில் வாசித்துச் சொல்லும். அது பேசும் வேகத்தில் எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, விசில் அடிக்கிற மாதிரி இருந்தது. மிக்கேலம்மாள் அதை அந்த வேகத்திலேயே கேட்டு, அதே வேகத்தில் தட்டிக்கொண்டிருந்தார். நான் போய் உட்கார்ந்ததும் எழுந்து இடம் விட்டார். "நீங்க வேலை பாக்கும்போது இவன் பேசிக்கிட்டே கெடப்பான். தொந்தரவா இருக்கும்" என்று சொல்லி, அதன் வாயை அடைத்துவிட்டார்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன், திறக்கவில்லை. தடுக்கப்பட்டிருக்கிறது என்று செய்தி வந்தது. ரெஜிஸ்ட்ரியைத் திறந்தேன். திறந்த அந்த நொடியில் கம்ப்யூட்டர் அணைந்து மீண்டும் எழுந்தது. கட்டளைகளைத் தட்டும் கறுப்பு ஜன்னலைத் திறந்தாலும் அதேதான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. உள்ளே இருப்பது, திறக்கிற ஒவ்வொரு ஜன்னலின் தலைப்பையும் வாசித்துக்கொண்டிருக்கிறது. தன்னைத் தேடி வருகிறவர்கள் திறக்கும் ஜன்னல்களின் பெயர் அதற்குத் தெரியும். அந்தப் பெயரைக் கண்டதும் விளக்கை அணைத்துவிடுகிறது. யாருமே இல்லாத இடத்தில் ஒன்று உட்கார்ந்து என் தோளுக்கு மேலாக வாசித்துக்கொண்டிருந்தது.

சேஃப் மோடில் போனேன். அங்கே அது வாசலுக்கு வெளியே நின்றது. ஜோடியைக் கண்டுபிடித்து அழித்தேன். ரெஜிஸ்ட்ரியில் செருகியதையும் எடுத்தேன். திரும்பச் சாதாரணமாகத் திறந்தபோது டாஸ்க் மேனேஜர் வந்தது, அதில் யாரையும் காணோம். இனிப் பாடங்களைத் தேட வேண்டியதுதான் என்று நினைத்தேன். அதற்குள் மிக்கேலம்மாள், ஆவலில், கீபோர்டுக்குக் கை நீட்டி, விரல் பழக்கத்திலேயே அண்ணனின் ஃபோல்டரையும் அதற்குள் இருந்ததையும் திறந்தார். உள்ளே பாடம் இல்லை. இரண்டு நிமிஷத்தில் டாஸ்க் மேனேஜர் தானாக மூடிக்கொண்டது. எல்லாம் திரும்பி வந்துவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து செய்தேன். மறுபடியும் வந்தது. சாயங்காலம் வரைக்கும் இதே கதை. எங்கிருந்து வருகிறான் என்ற முதல் கேள்விக்கே என்னிடம் பதில் இல்லை.

ரோசலின் அக்காவின் தம்பிக்குக் கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரியுமாம். மறுநாள் சாயங்காலம் வந்து ஃபார்மட் செய்து தருவதாகச் சொல்லியிருந்தார். பாடம் போனது போயிற்று, கம்ப்யூட்டராவது மிஞ்சட்டும் என்பது அவர் கணக்கு. ஃபார்மட் செய்தால் இருப்பதும் இல்லாததும் எல்லாம் சேர்ந்து போய்விடும். நாளைக்கு எங்கள் அக்காவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், அதுவரை யாரையும் தொட விடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு வந்தேன். மிக்கேலம்மாள் சரி என்று தலையை மட்டும் ஆட்டினார். நான் படி இறங்கும்போது அவர் ரோசலின் அக்காவிடம், "அழாத மதினி, எனக்குக் கொஞ்சம் ஞாபகம் இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் எஸ்தர் அக்கா வந்தார். வீட்டின் பெரியவர், மிக்கேலம்மாளின் அப்பா, வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். அந்தக் காலத்தில் தோணியை நடத்தும் தண்டலாக மாலத்தீவு வரைக்கும் போய்வந்தவர். அக்கா கைகளை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு காரியம் செய்தார். டிஸ்கில் எவ்வளவு இடம் நிறைந்திருக்கிறது என்று காட்டும் வட்டப் படத்தைத் திறந்தார். வட்டம் முக்கால்வாசிக்குமேல் நீலமாக, நிறைந்து இருந்தது.

"பாடத்த எல்லாம் அழிச்சிட்டோம்னு யாரு சொன்னது?" என்றார். "அழிச்சிருந்தா இங்கன இவ்வளவு எடம் அடைச்சுக் கெடக்குமா? பாடம் எங்கயும் போகல. உள்ளதான் இருக்கு. எவனோ போர்வையப் போட்டு மூடியிருக்கான்."

ரோசலின் அக்கா நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நேற்று எனக்கு அந்த வட்டத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. திரையில் இல்லாத ஒன்று டிஸ்கில் இருக்கும் என்று படித்திருந்தேன். படித்ததற்கும் அப்படி ஒரு நீல வட்டத்தைப் பார்ப்பதற்கும் உள்ள தூரம் அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு அக்கா நாற்காலியை விட்டு எழுந்து, மிக்கேலம்மாளை உட்காரச் சொன்னார். தினமும் பாடம் கேட்க என்ன செய்வீர்களோ அதையே செய்யுங்கள் என்றார். மிக்கேலம்மாள் பேசும் புரோகிராமை அடைக்கப் போனார். வேண்டாம், அது பேசட்டும், எனக்காகக் கொஞ்சம் மெதுவாகப் பேசச் சொல்ல முடியுமா என்று அக்கா கேட்டார்.

மிக்கேலம்மாள் அண்ணன் பெயரில் இருந்த ஃபோல்டருக்குப் போனார். அந்தக் குரல், "மைக்கேல். ஃபைல் ஃபோல்டர்" என்றது.

"மிக்கேல்ங்கத மைக்கேல்ங்கான். வெள்ளக்காரன் புத்தி" என்றார் பெரியவர்.

மிக்கேலம்மாள் அதைத் திறந்தார். முன்பு உள்ளே பாடவாரியாக வரிசையாக ஃபோல்டர்கள் இருந்தனவாம். இப்போது ஒன்றே ஒன்றுதான். நானும் நேற்று அதைப் பார்த்திருந்தேன். மஞ்சள் நிறத்தில் இன்னொரு ஃபோல்டர், அதற்கும் அதே பெயர்.

"இதுதாங்க எனக்குப் புரியல" என்றார் மிக்கேலம்மாள். "மிக்கேலத் தெறந்தா உள்ள இன்னொரு மிக்கேல். அவனத் தெறந்தா, உள்ள விடாம வெளிய கொண்டாந்து விட்டுருதான்."

அது எப்போதிலிருந்து இருக்கிறது, ஏன் அதை யாரிடமும் சொல்லவில்லை என்று அக்கா கேட்டார். பதில் பெரியவரிடமிருந்து வந்தது.

"எங்க அய்யா மிக்கேலு. நான் மிக்கேலு. எம்மவன் மிக்கேலு. பேரனும் மிக்கேலு. பொட்டப்புள்ள பொறந்துச்சு, அதையும் விடல, மிக்கேலம்மா. இந்த வீட்ல மிக்கேலுக்குள்ள மிக்கேல் இருக்கது ஒரு அதிசயமா?"

மகனுடைய போட்டோக்களில் சிலதைத் தன் ஃபோல்டருக்குள்ளேயே போட்டு வைப்பதாக அண்ணன் ஒருமுறை சொல்லியிருந்தாராம். அதுதான் என்று, கண்ணால் பார்த்த எல்லாரும் இருந்துவிட்டார்கள். வேறு எந்த வீடாக இருந்தாலும், ஒரே பெயர் இரண்டு முறை வந்ததும் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள்.

மிக்கேலம்மாள் அம்புக்குறியை அந்த உள் மிக்கேலின்மேல் கொண்டுபோனார். குரல் நிதானமாகச் சொன்னது: "மைக்கேல். அப்ளிகேஷன்."

எஸ்தர் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். என் கண்ணுக்கு அது மஞ்சள் ஃபோல்டர். ஆனால் படத்தைப் பார்க்கத் தெரியாத அந்தக் குரல் அதை ஃபோல்டர் என்று சொல்லவில்லை. கம்ப்யூட்டர் பாஷையில் அப்ளிகேஷன் என்றால் ஓடக்கூடிய புரோகிராம். ஃபோல்டரின் படத்தைச் சட்டையாகப் போட்டுக்கொண்டு, தான் இருக்கும் ஃபோல்டரின் பெயரையே தனக்கும் வைத்துக்கொண்டு வைரஸ் உட்கார்ந்திருந்தது. பாடம் எங்கே என்று யார் போய்த் திறந்து பார்த்தாலும் அவர்கள் கையாலேயே அதை எழுப்பிவிட்டார்கள். கண் தெரிந்தவர்களை ஏமாற்றுவதற்காகத் தைத்த சட்டை அது.

"இவன் அப்ளிகேஷன்னு சொல்லுதான், கேட்டியளா?" என்றேன் மிக்கேலம்மாளிடம்.

"தெனமும் கேக்கேனே. கப்பலுக்குப் போடுத அப்ளிகேஷன்லா?" என்றார் அவர்.

அந்த வீட்டில் அதிகமாகப் புழங்கும் ஆங்கில வார்த்தையே அதுதான். ஒரு கப்பலில் கான்ட்ராக்ட் முடிந்து இறங்கினால், அடுத்த கப்பலுக்கு அப்ளிகேஷன் போட வேண்டும். லீவில் வந்த நாளிலிருந்து திரும்பிப் போகும் நாள்வரை அண்ணன் அதைத்தான் செய்துகொண்டிருப்பார். மைக்கேல் அப்ளிகேஷன் என்று கம்ப்யூட்டர் சொன்னால், அந்த வீட்டில் அதற்கு வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்?

"அதோட சைஸும் சொல்லுவான்" என்றார் மிக்கேலம்மாள். "அப்பாவோட ஃபோல்டர்லயும் ஒண்ணு கெடக்கு, அண்ணன் பையனோடதுலயும் ஒண்ணு. எல்லாம் ஒரே சைஸ். ஒரே பயோடேட்டாவ எல்லாத்துக்கும் வச்சிருக்கான்னு நெனச்சேன். ஆனா அப்பா பேர்ல எதுக்கு அப்ளிகேஷன்னுதான் ஒரு யோசனை."

"கூப்புட்டா போவேன்" என்றார் பெரியவர்.

எஸ்தர் அக்கா சிரித்ததை அன்றைக்குத்தான் முழுதாகப் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒக்காரு இசக்கி. எங்கன இருந்து வாரான்னு தெரிஞ்சு போச்சு" என்றார்.

அதன்பின் நடந்ததை எங்கள் அறைப் பெண்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன். நெட் கேபிளைக் கழற்றினேன். சேஃப் மோடில் போய், நேற்றுப் போலவே ஜோடியை அழித்து, ரெஜிஸ்ட்ரியில் செருகியதை எடுத்தேன். எந்த ஃபோல்டரையும் திறக்கவில்லை. தேடும் வசதியில், அப்ளிகேஷன் வகை, மிக்கேலம்மாள் சொன்ன அந்தச் சைஸ், இரண்டையும் கொடுத்து டிஸ்க் முழுக்கத் தேடச் சொன்னேன். திருவிழாப் பென் டிரைவையும் செருகி அதிலும் தேடினேன்.

வரத் தொடங்கின. திரை நிறைந்தது, மேலே நகர்ந்தது, மறுபடி நிறைந்தது. அப்பாவுக்குள் அப்பா, பையனுக்குள் பையன், திருவிழாவுக்குள் திருவிழா. எந்த வாசலுக்குப் போனாலும் அந்த வீட்டுக்காரன் முகத்தோடு அது நின்றுகொண்டிருந்தது. யாரும் பார்க்காத நேரத்தில், ஒரு சத்தமும் இல்லாமல், இத்தனை இடத்தில் தன்னையே நட்டு வைத்திருக்கிறது. கெட்டதுதான். ஆனாலும் கெட்டதற்குள் இவ்வளவு பொறுமை இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. நான் ஒவ்வொரு வரியாக வாசித்து, பெயரும் இடமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து அழித்தேன். மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழிக்கலாம், ஆனால் அதே சைஸில் நல்லது ஒன்று இருந்துவிட்டால்? மதியத்துக்கு மேல் ஆகிவிட்டது. ரோசலின் அக்கா வைத்த டீயில் ஆடை படிந்திருந்தது.

கம்ப்யூட்டரைச் சாதாரணமாகத் திறந்தேன். கறுப்பு ஜன்னலைத் திறந்தேன். நேற்றெல்லாம் அதைத் திறந்ததும் விளக்கணைந்தது. இப்போது அது திறந்து, வெள்ளைக் கோடு ஒன்று கண் சிமிட்டிக்கொண்டு, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று காத்திருந்தது. என் பின்னாலிருந்து வாசிப்பவர் யாரும் இல்லை. மறைத்து வைக்கப்பட்ட எல்லாவற்றின் மேலிருந்தும் மறைப்பை எடுத்துவிடு என்று ஒரு வரிக் கட்டளை உண்டு. அதைத் தட்டினேன். ஒன்றும் நடக்காத மாதிரிதான் இருந்தது. கோடு அடுத்த வரிக்கு இறங்கியது, அவ்வளவுதான்.

எழுந்து மிக்கேலம்மாளுக்கு இடம் விட்டேன். பென் டிரைவை இனி யாரிடம் வாங்கினாலும், அப்ளிகேஷன் என்று குரல் சொன்னால் திறக்காதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதைக் கேட்கிற நிலையில் இல்லை. அண்ணனின் ஃபோல்டரைத் திறந்தார். அம்புக்குறியைக் கீழே தட்டினார்.

"சைக்காலஜி. ஃபைல் ஃபோல்டர்." இன்னொரு தட்டு. "ஹிஸ்டரி. ஃபைல் ஃபோல்டர்." இன்னொரு தட்டு. ஃபைல் ஃபோல்டர், ஃபைல் ஃபோல்டர் என்று அந்தக் குரல் சொல்லிக்கொண்டே போனது. கடைசிவரை ஒரு முறைகூட அது அப்ளிகேஷன் என்று சொல்லவில்லை. ரோசலின் அக்கா மிக்கேலம்மாளின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெரியவர் எழுந்து கதவுக்குள் வந்துவிட்டார்.

மிக்கேலம்மாள் ஒன்றைத் திறந்தார். முதலில் கப்பல் இஞ்சினின் ஓயாத இரைச்சல் வந்தது. அதன் மேலே ஒரு ஆண் குரல், பள்ளிக்கூடப் பையன் வாசிப்பது போல, குழந்தைகளின் உளவியல் என்று தொடங்கியது. ரோசலின் அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அந்தக் குரல் இரண்டு வரி ஓடி, ஒரு வார்த்தையில் தடுக்கி நின்றது.

"ஏளா மிக்கேலம்மா, இந்த வார்த்தை எனக்கு வாய்க்குள்ள நொழைய மாட்டேங்கு. எழுத்தெழுத்தாச் சொல்லுதேன், நீ கூட்டிக்கோ. ம. ன. வெ..."

"மனவெழுச்சி" என்றார் மிக்கேலம்மாள், அண்ணன் முடிப்பதற்குள். உலகத்தின் ஏதோ ஒரு கடலில், ஏதோ ஒரு நாளில் நின்றுபோன வார்த்தையை இங்கே ஒருத்தி எடுத்து முடித்துவைத்தாள். நான் இவ்வளவு நேரம் டிஸ்கில் தேடியது ஃபைல்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

அக்கா ஏதோ கேட்க வந்தார். எல்லாம் சரியாக இருக்கிறதா என்றுதான் இருக்கும். மிக்கேலம்மாள் பதிவை நிறுத்திவிட்டு, எங்கள் பக்கமாக முகத்தைத் திருப்பினார்.

"தப்பா நெனைக்காதிய. ரெண்டு பேரும் கெளம்புறியளா? அடுத்த வாரம் பரீட்சை, நான் படிக்கணும்."

திரும்பிக்கொண்டு மறுபடி ஓடவிட்டார். பெரியவர் உதட்டில் விரல் வைத்து எங்களுக்குக் கதவைக் காட்டினார். நாங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஓசைப்படாமல் படி இறங்கினோம்.